முப்பத்தாறு கண்ணிகள் யாருடையவை?

இரவு பதினோரு மணிக்கு ஒரு படம் வந்தது. கூடவே ஒரே ஒரு வரி: "இது உங்க ஆமைதானே?"

என்னுடையது இல்லை. ஆனால் அச்சு அசல் என்னுடையதைப் போலவே இருந்தது. பச்சை உடம்பு, பழுப்பு ஓடு, ஓட்டைக் கழற்றி மாட்டலாம். நான் குரோஷே பொம்மைகளுக்கு, அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னும் பொம்மைகளுக்கு, பேட்டர்ன் (பின்னும் முறையைச் சொல்லும் குறிப்பு) எழுதி விற்பவள். என் ஆமை வெளிவந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரை எழுதியவற்றில் அதிகம் விற்றதும் அதுதான். அன்று இரவு தூக்கம் போயிற்று.

காலையில் அந்த இன்னொரு ஆமையின் பேட்டர்னைக் காசு கொடுத்து வாங்கினேன். அன்று செய்தவற்றில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். என்னுடையதை இடப்பக்கமும் அவருடையதை வலப்பக்கமும் திறந்து வைத்துச் சுற்றுச் சுற்றாக ஒப்பிட்டேன். உடம்பு, முதல் சுற்று 6 கண்ணி (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி). இரண்டாவது 12. அப்புறம் 18, 24, 30, 36. என்னுடையதிலும் அதே எண்கள், அதே வரிசை. ஆறு சுற்றில் ஒரு எண்கூட மாறவில்லை. கை நடுங்கியது. "திருடியவர் எண்களை மாற்றக்கூடச் சோம்பல்பட்டிருக்கிறார்" என்று தொடங்கி ஒரு நீண்ட பதிவை எழுதி முடித்தேன். போடுவதற்கு முன் ஒரே ஒருவருக்கு அனுப்பிக் காட்டினேன்.

நான் எழுதும் பேட்டர்ன்களை வெளியிடும் முன் பின்னிப் பார்த்துப் பிழை சொல்லும் அக்கா ஒருவர் இருக்கிறார். சொந்தமில்லை, நூலால் வந்த பழக்கம். அவர் பதிவைப் படித்துவிட்டு போன் செய்தார்.

"ஏம்மா, போன வருஷம் எழுதினியே பென்குயின், அதை எடு. உடம்பு எப்படி ஆரம்பிக்குது?"

எடுத்துப் பார்த்தேன். 6, 12, 18, 24, 30, 36.

"முயல்?"

அதுவும் அப்படியே. 42 வரை போயிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்போ உன் முயல் உன் பென்குயினைப் பாத்துக் காப்பி அடிச்சிடுச்சா?"

பதிவை அழித்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. அலமாரியில் இருந்த மற்றவர்களின் பேட்டர்ன்களையும் எடுத்துப் பார்த்தேன். உருண்டை வரும் இடத்தில் எல்லாம் அந்த ஆறின் வாய்ப்பாடுதான்.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. பின்னுகிறவர்கள் பல வருஷம் கைப்பழக்கமாகவே செய்கிற கணக்கு என்பதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. இந்தப் பொம்மைகளுக்குப் போடும் அடிப்படைக் கண்ணியான சிங்கிள் குரோஷே கிட்டத்தட்ட சதுரம். உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. தட்டையான வட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் ஆரத்தை ஒரு கண்ணி உயரம் கூட்டுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு 6.28 கூடும். பள்ளியில் படித்த அதே இரண்டு பை ஆர். 0.28 கண்ணியைப் பின்ன முடியாது, ஆகவே 6. சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் ஏறக்குறைய தட்டையாகப் படுக்கும். அதைவிடக் குறைத்தால் கிண்ணமாகக் குழியும். ரொம்பக் கூட்டினால் ஓரம் சுருக்குப் பாவாடை மாதிரி நெளியும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் அதிபரவளையத் தளம் என்ற கணித வடிவத்தை மாணவர்கள் தொட்டுப் பார்க்கும் விதமாகக் குரோஷேயில் பின்னிக் காட்டியது இந்த நெளிவை வைத்துத்தான். ஆக, என் ஆமையின் உடம்பில் நான் 'உருவாக்கிய' அந்த முப்பத்தாறு கண்ணிகள் வட்டத்தின் சொத்து. நானும் அவரும் ஆளுக்கு ஒரு தடவை கடன் வாங்கியிருக்கிறோம்.

சரி, அப்படியானால் அந்த ஆமையில் என்னுடையது என்று எதைச் சொல்வது?

இரண்டு பேட்டர்னையும் மறுபடி திறந்தேன். இந்த முறை ஒத்துப்போகும் இடங்களை விட்டுவிட்டு, வேறு மாதிரியும் செய்திருக்கலாம் என்ற இடங்களை மட்டும் பார்த்தேன். ஓடு உடம்போடு சேரும் விதம்: என்னுடையதில் ஓட்டின் விளிம்பில் ஒரு நாடா ஓடும், இழுத்துக் கட்டினால் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். அவருடையதில் வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான். கழுத்து: நான் தலையோடு சேர்த்தே ஒரே துண்டாகப் பின்னியிருந்தேன்; அவர் தனியாகப் பின்னித் தைத்திருந்தார். கால்கள்: என்னுடையவை உள்ளே பஞ்சு வைத்த குட்டைக் குழாய்கள், அவருடையவை தட்டை. ஓட்டின் மேல் கோலம்: நான் அறுகோணங்களைத் தனித்தனியாகப் பின்னி இணைத்திருந்தேன், அவர் வட்டமாகப் பின்னி மேலே சங்கிலித் தையல் போட்டிருந்தார். நான் யோசித்து எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அவர் வேறு முடிவு எடுத்திருந்தார். 'கழற்றி மாட்டும் ஓடு' என்ற யோசனை மட்டும் பொது. ஆமையைக் கையில் எடுக்கும் எந்தக் குழந்தையும் முதலில் செய்வது ஓட்டைப் பிடித்து இழுப்பதுதான். அந்த யோசனை இரண்டு பேருக்கு வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

கூச்சத்தை விட்டு அவருக்கு எழுதினேன். குற்றம் சாட்டியதாக இல்லாமல், "உங்கள் ஆமையை வாங்கினேன், என்னிடமும் ஒன்று இருக்கிறது, பார்க்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்" என்று. மறுநாளே பதில் வந்தது. கேட்காமலேயே தன் நோட்டுப் புத்தகப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். தேதி போட்ட வரைபடங்கள். என் ஆமை வெளிவருவதற்கு இரண்டு மாதம் முந்தியவை. கீழே ஒரு வரி: "உங்களுக்கு எழுதலாமா வேண்டாமான்னு நானே ஒரு மாசமா யோசிச்சிட்டு இருந்தேங்க."

அவருக்கும் அந்த ராத்திரி வந்திருக்கிறது. அவர் பதிவு போடாமல் இருந்ததற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் கைவினைக்காரர்கள் மத்தியில் உலவும் சில 'விதிகள்' எவ்வளவு ஆதாரமில்லாதவை என்று தெரிந்துகொள்ள வக்கீலாக இருக்கத் தேவையில்லை. 'மூன்று மாற்றம் செய்தால் புதுசு', 'முப்பது சதவீதம் மாற்றினால் போதும்' என்று அடிக்கடி கேள்விப்படுவோம். அப்படி ஒரு எண்ணைப் பாதுகாப்புக் கோடாக நம்பி இறங்க முடியாது. எவ்வளவு மாற்றினாய் என்பதைவிட, எதை எடுத்தாய் என்பதுதான் முதல் கேள்வி. 'பதிவு செய்யாவிட்டால் காப்புரிமை (காப்பிரைட்) இல்லை' என்பதும் தப்பு. 1886இன் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதி முடித்த கணமே உரிமை வந்துவிடுகிறது. வழக்குப் போடப் பதிவு வேண்டுமா என்பது தனிக் கேள்வி, அது நாட்டுக்கு நாடு மாறும்.

எதற்கு அந்த உரிமை என்பதில்தான் பலரும் சறுக்குகிறோம். நான் எழுதிய வாக்கியங்கள், எடுத்த படங்கள், வரைந்த கட்டப் படம், இவை என்னுடையவை. ஆனால் அந்த வாக்கியங்கள் சொல்லித்தரும் முறை என்னுடையது ஆகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879இலேயே இதைச் சொல்லிவிட்டது. கணக்கு எழுதும் புதிய முறை ஒன்றை ஒருவர் புத்தகமாகப் போட்டார்; இன்னொருவர் அதே மாதிரிக் கணக்கு ஏடுகளை அச்சடித்து விற்றார். புத்தகத்துக்குப் பாதுகாப்பு உண்டு, முறைக்குக் கிடையாது என்பது தீர்ப்பு. அதாவது, என் பேட்டர்னைப் படித்த ஒருவர் நாடா இழுத்துக் கட்டும் உத்தியைக் கற்றுக்கொண்டு தன் நத்தைக்குப் பயன்படுத்தினால், பேட்டர்னை நான் விற்றதே அதற்காகத்தான்.

'ராப்பகலாக உழைத்தேனே' என்ற வாதமும் எடுபடாது. அதே நீதிமன்றம், 1991, தொலைபேசிப் புத்தக வழக்கு. ஒரு நிறுவனம் தொகுத்த பெயர்ப் பட்டியலை இன்னொன்று எடுத்துப் போட்டுக்கொண்டது. முதல் நிறுவனம் காப்பியைப் பிடிப்பதற்காகவே போலிப் பெயர்கள் சிலவற்றைப் பட்டியலில் நுழைத்து வைத்திருந்தது. அவற்றில் நான்கு மற்றவரின் புத்தகத்திலும் அப்படியே இருந்தன. எடுத்தது நிரூபணமானது. ஆனாலும் முதல் நிறுவனம்தான் தோற்றது. அகர வரிசையில் அடுக்கிய பெயரும் எண்ணும் யாருடைய படைப்பும் அல்ல, சிந்திய வியர்வை மட்டும் உரிமை தராது என்றது நீதிமன்றம். படித்தபோது என் 6, 12, 18தான் ஞாபகத்துக்கு வந்தது.

பின்னி முடித்த பொருளின் தோற்றம் இன்னொரு காடு. தொப்பி, பை, ஆடை போன்ற பயன்பாட்டுப் பொருள்களை ஒரு விதமாகவும் பொம்மை, சிற்பம் போன்றவற்றை வேறு விதமாகவும் பார்க்கும் நாடுகள் உண்டு. தோற்றத்துக்கு என்றே தனியாக வடிவமைப்புப் பதிவு என்று ஒன்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவே செய்யாத புதிய வடிவமைப்புக்குக்கூட, வெளியில் காட்டிய நாளிலிருந்து 3 ஆண்டு, காப்பியடிப்பதற்கு எதிரான பாதுகாப்பு உண்டு. பதிவு செய்தால் ஐந்தைந்து ஆண்டாக 25 ஆண்டு வரை நீட்டலாம். இந்தியாவில் பதிவு செய்த வடிவமைப்புக்கு 10 ஆண்டு, புதுப்பித்தால் இன்னும் 5. ஒரு பொறி மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பதிவுக்கு வடிவம் 'புதிதாக' இருக்க வேண்டும். ஆசையாக முதலில் படத்தைப் போட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கப் போனால், சில நாடுகளில் உங்கள் படமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், அதை முடித்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். பிரிட்டனில் 1787இல் துணி அச்சு வடிவங்களுக்கு முதன்முதலாகப் பாதுகாப்புக் கொடுத்தபோது கிடைத்தது 2 மாதம்தான். ஏழு வருஷம் கழித்து மனமிறங்கி 3 மாதம் ஆக்கினார்கள். நம்முடைய புலம்பல் பழைய புலம்பல்.

இதையெல்லாம் படித்துத் தெளிந்து உட்கார்ந்திருந்தபோதுதான் உண்மையான காப்பி வந்தது.

தலைகீழாகத் தொங்கும் வௌவால் ஒன்று எழுதியிருந்தேன். ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார்: "உங்க வௌவால்ல 18ஆவது சுற்றுல 32ன்னு போட்டிருக்கு. மூணு தடவை பிரிச்சுப் பின்னிட்டேன், எனக்கு 30 தான் வருது. நான் என்ன தப்பு பண்றேன்?"

அவர் தப்புப் பண்ணவில்லை. 36 கண்ணியில் 'நான்கு சிங்கிள், ஒரு குறைப்பு (இரண்டு கண்ணியை ஒன்றாக்குவது)' என்று ஆறு முறை செய்தால் 30 தான் வரும். முதல் பதிப்பில் நான்தான் 32 என்று தட்டச்சு செய்துவிட்டேன். அக்கா கண்ணிலேயே தப்பிவிட்டது. ஒன்பது வாரம் கழித்துத் திருத்தினேன், முன்பே வாங்கியவர்களுக்கும் திருத்திய பிரதி அனுப்பினேன். இவரிடம் பழைய பிரதி இருக்கிறது போல என்று நினைத்து, புதியதை அனுப்ப மின்னஞ்சலைத் தேடினேன். வாங்கியவர்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. வேறு அட்டை, வேறு பெயர், வேறு எழுத்துரு. விற்றவரிடம் கேட்டுப் பதில் வராததால், பொம்மையின் படத்தை வைத்துத் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறார் பாவம்.

அந்த 32 என்னவெல்லாம் சொல்லிவிட்டது பாருங்கள். 30 என்று இருந்திருந்தால் ஒன்றுமே நிரூபணம் ஆகாது. உலகத்தில் 36இலிருந்து ஆறு குறைக்கும் எல்லோருக்கும் 30 தான். 32 என்ற தவறு மட்டும் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வந்திருக்க முடியும். என் தூக்கக் கலக்கத்திலிருந்து. அதோடு, விற்றவர் அந்த வௌவாலை ஒரு முறைகூடப் பின்னிப் பார்க்கவில்லை என்பதும் தெரிந்துபோயிற்று. பின்னியிருந்தால் அந்தச் சுற்றில் நின்றிருப்பார்.

படங்களும் என்னுடையவைதான், இடவலம் திருப்பியிருந்தார். வலக்கைக்காரர்கள் சுழலாகப் பின்னிக்கொண்டே போனால் கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்று நேராக உட்காராது. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் வலப்பக்கம் நகரும். பொம்மையை உற்றுப் பார்த்தால் கண்ணி வரிசை மாடிப்படி மாதிரி வலது பக்கம் சாய்ந்து ஏறுவது தெரியும். இடக்கைக்காரர்களுக்கு இது தலைமாறும். அந்தப் படங்களில் சாய்வு இடப்பக்கம். போதாக்குறைக்கு, அன்று என் இடது கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தேன். அவர் படத்தில் அது வலது விரலுக்குப் போயிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

ஆமை விஷயத்தில் வந்த ஆத்திரம் இந்த முறை வரவில்லை. காரணம் இப்போது புரிகிறது: ஆமையில் எனக்குச் சந்தேகம் இருந்தது, அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம். வௌவாலில் ஆதாரம் இருந்தது, வேலையை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் எல்லாவற்றையும் சேமித்தேன். விற்பனைப் பக்கம், முகவரி தெரியும்படி, தேதி தெரியும்படி. புகார் போன பிறகு பக்கம் மறைந்துவிடும், அப்போது நம் கையில் ஒன்றும் இருக்காது. என் பக்கத்து ஆதாரம்: முதல் வரைவு, பின்னும்போது எடுத்த மூலப் படங்கள் வெட்டாமல் திருத்தாமல், டெஸ்டர்களுக்கு (அக்காவைப் போல முன்கூட்டிப் பின்னிப் பார்ப்பவர்களுக்கு) அனுப்பிய மின்னஞ்சல்கள். வழக்கமாக வேலை முடிந்ததும் மங்கிய படங்களை அழித்துவிடுவேன். வௌவாலுக்கு அழிக்க மறந்திருந்தேன், அந்த மறதி காப்பாற்றியது. அப்புறம் விற்றவருக்கு நான்கு வரி எழுதினேன். இன்ன பக்கத்தில் இன்ன எழுத்தும் இன்ன படங்களும் என்னுடையவை, ஏழு நாளுக்குள் எடுத்துவிடுங்கள். திட்டவில்லை, தத்துவம் பேசவில்லை. பதில் வரவில்லை.

எட்டாம் நாள் அந்த விற்பனைத் தளத்துக்குப் புகார் கொடுத்தேன். பெரிய தளங்கள் பலவற்றிலும் இதற்கு என்று படிவம் இருக்கிறது. அதன் அமைப்பு பெரும்பாலும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தை ஒட்டியது. எதிர்த்தரப்பு மறுப்புக் கொடுத்தால், நாம் வழக்குப் போட்டாலொழிய, 10 முதல் 14 வேலை நாளுக்குள் பொருளைத் திரும்ப வைத்துவிடலாம் என்கிறது அந்தச் சட்டம். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் நஷ்டஈடு நம் தலையில் விழும். படிவத்தை நிரப்பும்போது ஆமைக்காரரை நினைத்துக்கொண்டேன். அன்று அக்கா போன் செய்யாமல் இருந்திருந்தால், இதே படிவத்தை அவர் மீது கொடுத்திருப்பேன், அதுவும் முழு நம்பிக்கையோடு.

படிவத்தில் 'என் வடிவமைப்பைத் திருடிவிட்டார்' என்று எழுதவில்லை. வௌவால் என்ற பிராணிக்கோ தலைகீழாகத் தொங்குவதற்கோ நான் சொந்தம் கொண்டாட முடியாது. பதினொரு படங்கள், இன்னின்ன பக்கத்தின் வாசகங்கள் என்று மட்டும் குறிப்பிட்டேன். மூன்றாம் நாள் நீக்கினார்கள். ஒரு மாதம் கழித்து வேறு கடைப் பெயரில் அதே அட்டை வந்தது, மறுபடி புகார், மறுபடி நீக்கம். மூன்றாவது முறையும் வரலாம். முன்பே எழுதி வைத்த புகார் ஒரு கோப்பில் இருக்கிறது, தேதியை மாற்றி அனுப்ப ஐந்து நிமிஷம். அதற்கு மேல் நேரம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சிலர் 'அவர் பெயரைப் போடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஆவேசமாக வந்தார்கள். நல்ல மனசுதான், ஆனால் கூட்டத்தை ஏவிவிட்டால் திரும்ப அழைக்க முடியாது. நம் கணிப்பு தப்பாக இருந்தால் அந்த இன்னொருவர் என்ன ஆவார்? சரியாகவே இருந்தாலும், புதிதாக வருகிறவர்களுக்கு நம் பெயரோடு முதலில் ஞாபகம் வருவது சண்டைதான்.

வரைபடம் அச்சடிப்பவர்கள் இல்லாத தெருவைப் போட்டு வைப்பது போல, பேட்டர்னில் வேண்டுமென்றே ஒரு தவறை வைக்கலாமே என்று ஒரு டெஸ்டர் கேட்டார். வேண்டாம். மூன்று தடவை பிரித்துப் பின்னிய அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக, தீங்கில்லாத முடிவுகளை விட்டு வைக்கிறேன். நான்கு காலில் எதை முதலில் தைக்கச் சொல்வது என்பது யாருக்கும் முக்கியமில்லை. நான் எப்போதும் பின்னங்கால் வலது என்று தொடங்குவேன். பஞ்சு வைக்கச் சொல்லும் இடத்தில் 'தலையணை அளவுக்கு வேண்டாம், வைத்த விரல் அழுந்தினால் போதும்' என்று எழுதுவேன். இப்படி இன்னொருவர் தானாக எழுதிவிடமாட்டார்.

இனி, எழுதக் கூச்சமான பகுதி.

ஆமைக்கும் வௌவாலுக்கும் முன்னால், நான் ஒரு நரி செய்திருந்தேன். அதன் வால் எனக்குப் பெருமை. உடம்பைச் சுற்றி வந்து மூக்கை மூடும், நுனியில் ஒரு காந்தப் பொத்தான், தூங்கும்போது வாலைப் போர்த்திக்கொள்கிற மாதிரி. 'திடீரென்று தோன்றியது' என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் பழைய போனிலிருந்து படங்களை மாற்றும்போது, ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு திரைப் பிடிப்பு கண்ணில் பட்டது. யாரோ ஒருவரின் அணில். உடம்பைச் சுற்றி வந்த வால், மூக்கின் மேல் நுனி, காந்தப் பொத்தான்.

அந்தப் படத்தைப் பார்த்ததோ சேமித்ததோ துளியும் ஞாபகத்தில் இல்லை. பொய் சொல்லவில்லை, ஆனால் போன் என்னை நம்பாது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் மேல் நடந்த வழக்கில் 1976இல் வந்த தீர்ப்பு இப்படித்தான்: வேண்டுமென்று எடுக்கவில்லை, கேட்ட மெட்டு ஆழ்மனத்திலிருந்து தானாக வந்திருக்கிறது, ஆனாலும் அது அத்துமீறல்தான். தெரியாமல் எடுத்தேன் என்பது என் மனசுக்கு ஆறுதல், அணில்காரருக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

என் வக்கீலாக நானே வாதாடிப் பார்த்தேன். வால் ஒரு உத்திதானே, உத்திக்கு உரிமை இல்லையே, நரி வேறு அணில் வேறு, எழுத்தும் படமும் என்னுடையவை. எல்லாம் சரி. சட்டப்படி பெரும்பாலும் தப்பித்துவிடுவேன். ஆனால் அணில் பேட்டர்னை வாங்கி, ஆமைக்குச் செய்த அதே சோதனையைச் செய்தேன்: வேறு மாதிரியும் செய்திருக்கலாம் என்ற இடங்களில் என்ன நடந்திருக்கிறது? வாலை வேறு இடத்தில் தொடங்கியிருக்கலாம், காந்தத்துக்குப் பதில் கொக்கி வைத்திருக்கலாம், நுனி மூக்குக்குப் போகாமல் காலடிக்குப் போயிருக்கலாம். மூன்றிலும் நான் அவருடைய முடிவையே எடுத்திருந்தேன். ஆமைக்காரரிடம் நான் தேடிக் கிடைக்காதது என் நரியில் கிடைத்தது.

அதிலிருந்து வேலை செய்யும் முறை மாறிவிட்டது. புதிதாக ஒரு பிராணியை எடுத்தால், மற்றவர்கள் அதைப் பின்னிய படங்களை அந்த வேலை முடியும் வரை பார்ப்பதில்லை. உயிருள்ள பிராணி நடக்கிற வீடியோ, எலும்புக்கூட்டுப் படம், இவைதான் முன்னால் இருக்கும். முள்ளம்பன்றியின் கால் உண்மையில் எவ்வளவு நீளம் என்று பார்த்தால், எல்லாப் பொம்மையிலும் இருக்கிற குட்டைக் கால் போடத் தோன்றாது. முடித்த பிறகு எதிர்மாறு: வெளியிடும் முன் ஒரு வாரம் ஒதுக்கி, இதே மாதிரி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் தள்ளிப்போடுவேன், அல்லது அவருக்கு எழுதிக் கேட்பேன். கேட்டு யாரும் இதுவரை கடித்ததில்லை. யாரிடமிருந்தாவது ஒரு உத்தி கற்றிருந்தால் முதல் பக்கத்திலேயே அவர் பெயர் போடுகிறேன். அப்படிப் போட்டதால் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை. நோட்டில் தேதி எழுதுகிறேன், ஆமைக்காரரிடம் கற்ற பழக்கம். எடுத்த முடிவோடு, எடுக்காமல் விட்ட முடிவையும் எழுதி வைக்கிறேன். 'கொக்கி வைத்துப் பார்த்தேன், குழந்தை இழுத்தால் பிய்யும், விட்டேன்' என்று ஒரு வரி. காப்பியடிப்பவரிடம் இந்த வரி இருக்காது.

நரியை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். அணில்காரருக்கு, நடந்ததை மறைக்காமல், திரைப் பிடிப்பையும் இணைத்து எழுதினேன். அவர் பின்னுவதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. கடையில் கடைசியாக எதுவும் சேர்த்து மூன்று வருஷம் ஆகிறது. பதில் இல்லை. அக்காவிடம் சொன்னேன். "வாலை மட்டும் மாத்திப் போட்டா என்ன?" என்றார். நான்கு வால் பின்னிப் பார்த்துவிட்டேன், எதைப் பார்த்தாலும் அந்த அணில்தான் தெரிகிறது. இப்போதைக்கு நரி மேசையில் வால் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.